திறனும் பொறுப்பும்: தொலைவிலிருந்து செலுத்தப்படும் ஜெட் மாதிரி விமானங்களை முன்வைத்து ஒரு மெய்யியல் நோக்கு

ஒரு தொழிலிற் கைதேர்ந்தவன் ஒழுக்கத்தாலும் உயர்ந்தவனாக இருத்தல் வேண்டுமா என்பது மெய்யியலாளர் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாக்களுள் ஒன்று. வேண்டியதில்லை என்பதே பொதுவாகக் கூறப்படும் விடை. குடிப்பழக்கமுள்ள சிற்பி நல்ல சிலை வடிக்கலாம். பொய்யனான வைத்தியன் நோயைத் தீர்க்கலாம். அரிஸ்டோட்டில் தமது நிக்கோமாக்கிய ஒழுக்கவியலின் ஆறாம் நூலில் இவ்விரண்டையும் வேறுபடுத்தற்கு நுட்பமான அடையாளம் ஒன்றைத் தருகின்றார். கலைத்திறனைப் பொறுத்தவரை, வேண்டுமென்றே பிழைசெய்பவன் அறியாது பிழைசெய்பவனிலும் மேலானவன். சரியானதைச் செய்யும் ஆற்றல் அவனிடம் உண்டு. இலக்கணம் அறிந்து மீறும் புலவனையும் இலக்கணம் அறியாது வழுவும் மாணவனையும் ஒப்பிட்டால் இது விளங்கும். நடைமுறை விவேகத்திலும் நற்குணங்களிலுமோ நிலைமை நேர்மாறானது. வேண்டுமென்றே அநீதி செய்பவன் அறியாது செய்பவனிலும் இழிந்தவன். எனவே திறன் வேறு, விவேகம் வேறு என்பது அவர் முடிபு.

இம்முடிபு எல்லாத் திறன்களுக்கும் பொருந்துமா என்று ஆராய்வார் அறுவைச் சிகிச்சையையோ போர்க்கலையையோ எடுத்துக்கொள்வது வழக்கம். பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடப்படும் ஒரு செயலும் இதற்கு உதவக்கூடும். வானொலி அலையினாற் செலுத்தப்படும் ஜெட் மாதிரி விமானத்தைப் பறக்கவிடுதல் அத்தகையது. சிறுவர் விளையாட்டுப் போலத் தோன்றும் இச்செயலில், கையின் திறன் எங்கே முடிகின்றது, குணத்தின் பங்கு எங்கே தொடங்குகின்றது என்ற எல்லைக்கோடு எதிர்பாராத இடத்தில் மறைந்துபோகின்றது.

மாதிரி விமானங்களை வானொலி அலையால் இயக்கும் முயற்சி ஐக்கிய அமெரிக்காவில் 1930களிலேயே வெற்றி கண்டது. ஆயின் உண்மையான வளிச்சுழலி இயந்திரம் பூண்ட மாதிரி விமானம் 1983 ஆம் ஆண்டிலேதான் இங்கிலாந்திற் பறந்தது. 1990 ஆம் ஆண்டையொட்டி ஜேர்மனியரான கேட் ஷ்ரெக்லிங், வீட்டுப் பட்டறையிலே செய்யத்தக்க சிறு சுழலியொன்றை வடிவமைத்தார். அதன் வளியமுக்கிச் சக்கரம் ஒட்டுப்பலகையாற் செய்யப்பட்டுக் கரியிழையால் வலுவூட்டப்பட்டது என்பது இன்று கேட்போருக்கு வியப்பளிக்கும். பின்னர் வாணிப முறையில் இயந்திரங்கள் வெளிவந்தன. இன்று அவை மண்ணெண்ணெயில் இயங்கி, நிமிடத்திற்கு ஒரு இலட்சம் சுற்றுக்கும் மேலாகச் சுழல்கின்றன. விமானங்களுட் பெரியவை 20 கிலோகிராம் வரையும் அதற்கு மேலும் நிறையுடையவை. அமெரிக்காவின் மாதிரி வானூர்தியியற் கழகம் இவற்றின் வேகத்துக்கு மணிக்கு 200 மைல், அதாவது ஏறத்தாழ 320 கிலோமீற்றர், என வரம்பிட்டது. வரம்பிட வேண்டியிருந்தது என்பதே அவற்றின் இயல்பை உணர்த்தும்.

இத்தகைய பொறியைத் தரையில் நின்று செலுத்துவோனிடம் இருக்கவேண்டிய திறன் யாது? முதலிற் கையின் திறனை நோக்கலாம். விமானத்தின் உள்ளே அமர்ந்திருக்கும் விமானிக்குக் கண்ணோடு உடலும் செய்தி சொல்லுகின்றது. இருக்கை அவனை மேலே தள்ளுகின்றது. காதில் வளியின் ஓசை மாறுகின்றது. பிடித்த கோல் கையில் அதிர்கின்றது. தரையில் நிற்பவனுக்கு இவையொன்றும் இல்லை. பிரெஞ்சு மெய்யியலாளர் மேர்லோ-பொந்தி 1945 இல் வெளியிட்ட புலக்காட்சி பற்றிய நூலிற் பார்வையற்றவரின் கைத்தடியை எடுத்துக்காட்டாகக் கூறுவார். பழகிய தடி அவருக்கு ஒரு பொருளாக இருப்பதை விடுத்து உடலின் நீட்சியாகவே ஆகிவிடுகின்றது; தடியின் நுனியிலே அவர் தொடுகின்றார். மாதிரி விமானத்தையும் செலுத்துவோனின் உடலின் நீட்சி எனக் கூறத் தோன்றலாம். ஆனால் முக்கியமான வேறுபாடொன்று உண்டு. கைத்தடி திரும்பிப் பேசும். அலைபரப்பிப் பெட்டியின் கோல் ஊமையாகும். விமானம் நேரே பறந்தாலும் நிலைகுலைந்து விழுந்தாலும் விரலுக்கு அது ஒன்றுபோலவே இருக்கும். கட்டளை ஒருவழியாகச் செல்கின்றது. திரும்பி வருவது கண் காண்பது மட்டுமே.

அக்கண்ணும் எளிதில் ஏமாறும். விமானம் செலுத்துவோனை விட்டு விலகிச் செல்லும்போது கோலை வலப்புறம் அசைத்தால் அது அவனுடைய வலப்புறமே சாயும். எதிர்நோக்கி வரும்போதோ, அதே அசைவு அதனை அவனது இடப்புறம் சாய்க்கும். விமானத்தின் வலம் மாறவில்லை. பார்ப்பவன் நிற்கும் பக்கந்தான் மாறியுள்ளது. இதனைச் சொல்லால் விளக்குதல் எளிது. தாழ்ந்த சிறகின் பக்கமாகக் கோலை அசைத்தால் அச்சிறகு உயரும் என்று பழகுநருக்குக் கற்பிப்பர். ஆயினும் விதியை நினைவுகூர்ந்து கையை அசைப்பவன் விமானத்தை இழப்பான். நினைவுகூரும் நேரத்தில் அது 80 மீற்றரைக் கடந்துவிடும். மைக்கல் பொலானி 1958 இல் சைக்கிளோட்டி பற்றிக் கூறியது ஈண்டு நினைக்கத்தக்கது. சமநிலை பேணுவதற்கான பௌதிக விதியை எழுதிக் காட்டலாம். அதனைப் படித்தவன் சைக்கிளோட்டக் கற்றுவிடமாட்டான். ஓட்டுபவனோ அவ்விதியை அறியான். மாதிரி விமானத்தைச் செலுத்துவோன் இறுதியிற் பெறுவது தன்னைத் தரையில் விட்டுவிட்டு விமானத்தின் இருக்கையில் மனத்தை அமர்த்தும் பழக்கம். பிறர் நிலையில் நின்று நோக்குதல் என்று ஒழுக்கவியலார் உருவகமாகக் கூறுவதை இவன் வெளிசார்ந்த பொருளில் ஒவ்வொரு திருப்பத்திலும் செய்கின்றான். இவ்விரண்டும் ஒன்றெனக் கொள்வது மிகையாகும். ஆயினும் இரண்டுக்கும் தன்னிடத்தை விட்டு நீங்குதல் அடிப்படையாதலைக் காணலாம்.

விசைவேகமும் தன் பங்குக்குக் கண்ணைச் சோதிக்கின்றது. செக்கனுக்கு 80 மீற்றர் வேகத்தில் 60 பாகை சாய்ந்து திரும்பும் விமானம் ஏறத்தாழ 375 மீற்றர் ஆரையுடைய வட்டத்தை வரையும். 400 மீற்றர் தொலைவில் 2 மீற்றர் சிறககலமுள்ள விமானம் முழுநிலவின் விட்டத்திற் பாதியை விடச் சற்றே பெரிதாகத் தோன்றும். அதன் வயிறு தெரிகின்றதா முதுகு தெரிகின்றதா என்பதே சிலவேளை ஐயமாகிவிடும். ஐயம் எழுந்த கணத்தில் தான் இறுதியாக இட்ட கட்டளை யாது என்பதை நம்பி நடப்பதைத் தவிர வேறு வழியில்லை. காற்றும் பொய்க்காட்சி தரும். பின்காற்றோடு பறக்கும் விமானம் தரையை நோக்க விரைவாகத் தோன்றுகின்றது. அதனைக் கண்டு விசையைக் குறைப்பவன், சிறகின்மீது செல்லும் வளியின் வேகம் போதாமற் போவதை உணரான்.

இனி இத்திறனின் மிகக் கடினமான கூறு காலம் பற்றியது. சுழலி உடனடியாகக் கீழ்ப்படிவதில்லை. தாழ்விசையிலிருந்து முழுவிசைக்கு உயர்வதற்குப் பழைய இயந்திரங்களுக்கு 5 செக்கனுக்கு மேலும் இன்றையவற்றிற் பலவற்றுக்கு 3 அல்லது 4 செக்கனும் தேவைப்படுகின்றன. விசிறியுள்ள விமானத்தில் விசையை ஏற்றிய அக்கணமே வால்மீது வளி வீசும், கட்டுப்பாடு மீளும். ஜெட் விமானத்துக்கு அவ்வுதவி இல்லை. தரையிறங்க வரும் விமானம் செக்கனுக்கு 25 மீற்றர் வேகத்தில் வருவதாகக் கொண்டால், விசை வேண்டும் என்று கை கேட்டதற்கும் விசை வந்து சேர்வதற்குமிடையில் 100 மீற்றர் கடந்துவிடுகின்றது. ஆகவே விசை தேவையென்று தெரிந்தபின் கேட்பவன் காலந்தாழ்த்தியவனாவான்.

இறங்குவதற்கான இறுதித் திருப்பத்தை எடுத்துக்கொள்க. சக்கரங்கள் இறங்கியுள்ளன, சிறகின் பின்மடல்கள் தாழ்த்தப்பட்டுள்ளன, வேகம் குறைந்துவருகின்றது. விமானம் ஓடுபாதையின் நேர்கோட்டைச் சற்றுத் தாண்டிவிட்டது. அதனை மீட்கத் திருப்பத்தை இறுக்குவதே கையின் இயல்பான தூண்டல். ஆனால் 60 பாகை சாய்வில் மட்டம் குன்றாது திரும்பும்போது சிறகு தாங்கவேண்டிய சுமை இருமடங்காகின்றது. தூக்குவிசையை இழக்காதிருத்தற்கு வேண்டிய குறைந்த வேகமும் 1.4 மடங்காக உயருகின்றது. மெதுவாக வரும் விமானத்திடம் அவ்வேகம் இல்லை. ஒரு சிறகு சரிகின்றது. அதன்பின் செய்வதற்கு ஒன்றுமில்லை. முயற்சியைக் கைவிட்டு, மட்டமாக்கி, மேலெழுந்து மறுபடி சுற்றிவருதலே சரியான செயல். அதற்கு வேண்டிய விசையோ நான்கு செக்கனுக்கு முன்பே கேட்கப்பட்டிருத்தல் வேண்டும். அதாவது, தன் முயற்சி தோற்கக்கூடும் என்பதை அது வெற்றியை நோக்கிச் செல்லும்போதே ஏற்றுக்கொண்டவனே மீள்கின்றான். இதனைக் கைத்திறன் என்பதா, விவேகம் என்பதா?

கைத்திறனே என்று இதுவரையும் விடையளிக்கலாம். விமானத்தைக் காப்பதே நோக்கமாயின், முன்னறிதலும் அந்நோக்கத்துக்கான கருவியே. நிலைமையை மாற்றுவது வேறொன்று. பனையேறுபவர் பிழைவிட்டால் விழுபவர் அவரே. குதிரையேறுபவன், கடலோடி, உண்மை விமானத்தின் விமானி ஆகிய அனைவரும் தம் பிழையின் விளைவைத் தம் உடலாலே ஏற்கக் கடமைப்பட்டவர்கள். அச்சம் அவர்களுக்கு ஆசான். மாதிரி விமானத்தைச் செலுத்துவோனின் உடலோ அவ்விமானத்தில் இல்லை. விழுந்தால் அவனுக்கு நேர்வது பெரும்பாலும் பணநட்டமும் உழைப்பு நட்டமுமே. உடலூறு நேரின், அது பார்த்து நிற்போருக்கோ வேலிக்கு அப்பால் நடந்துசெல்லும் ஒருவருக்கோ நேரக்கூடும். செக்கனுக்கு 80 மீற்றர் வேகத்திற் செல்லும் 20 கிலோகிராம் விமானத்தின் இயக்கச் சக்தி 64,000 யூல். ஆயிரம் கிலோகிராம் நிறையுள்ள மோட்டார்க் கார் மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது கொண்டிருப்பதும் ஏறக்குறைய இதுவே. விமானத்தில் எரிபொருளும் வெப்பமுற்ற இயந்திரமும் கூடவே உள்ளன.

செலுத்துவோனை ஆபத்திலிருந்து பிரித்தல் இத்தொழில்நுட்பத்தின் பிறப்போடு வந்த இயல்பு. நிக்கொலா தெஸ்லா 1898 இல் நியூயோர்க்கில் வானொலி அலையாற் படகொன்றை இயக்கிக் காட்டியபோது, அதன் காப்புரிமைப் பத்திரத்திலேயே போரில் அதற்குள்ள பயனைக் குறித்திருந்தார். ஹொலிவூட்டில் மாதிரி விமானக் கடை நடத்திய ரெஜினோல்ட் டெனி என்ற திரைப்பட நடிகர், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கப் படைக்கு ஆயிரக்கணக்கான இலக்கு விமானங்களைச் செய்துகொடுத்த நிறுவனத்தின் தோற்றத்துக்குக் காரணரானார். இன்று ஆளில்லா விமானங்களாற் குண்டெறியும் படைகளைப் பற்றி எழும் ஒழுக்கவியல் வாதங்கள் பல, விளையாட்டுத் திடலிற் சிறிய அளவிலே ஏற்கெனவே நிகழ்ந்துகொண்டிருப்பவை.

உடலின் அச்சம் கற்பிக்காத இடத்தில் வேறு யாது கற்பிக்கும்? அரிஸ்டோட்டிலின் அடையாளத்துக்கு இங்கு மீளல் வேண்டும். விமானம் கட்டுப்பாட்டை இழக்கத் தொடங்கி மக்கள் நிற்கும் பக்கமாகத் திரும்புவதாகக் கொள்வோம். அதனைக் காப்பாற்றும் வாய்ப்பு இன்னும் ஓரளவு உண்டு. இயந்திரத்தை அணைத்து வெறும் வயலில் விழுத்திவிடும் வாய்ப்பும் உண்டு. இரண்டாவதைத் தேர்பவன் வேண்டுமென்றே விமானத்தை உடைக்கின்றான். கலையின் நோக்கில் இது பிழை, ஆனால் அறிந்து செய்த பிழை. அதனாற் கலையிலும் அவன் தாழ்வதில்லை. ஒழுக்கத்தின் நோக்கிலோ அப்பிழையைச் செய்வதே கடன். ஆகவே அரிஸ்டோட்டில் பிரித்துவைத்த இரண்டும் இவ்விடத்தில் ஒரே விரலசைவில் வந்து கூடுகின்றன. வேண்டுமென்றே பிழைசெய்தல் கலையில் ஆற்றலின் அறிகுறி மட்டுமே. இங்கு அது பொறுப்பின் வடிவமாகவும் ஆகின்றது.

இவ்விரலசைவு எளிதன்று. அவ்விமானத்திற் பல மாத மாலைப்பொழுதுகள் செலவிடப்பட்டிருக்கும். செலுத்துவோன் கொடியவனாக இருக்கவேண்டியதில்லை. தன் திறனில் நம்பிக்கையுள்ளவனாக இருந்தாற் போதும். இன்னும் ஒரு செக்கன், மீட்டுவிடலாம் என்று அவன் எண்ணுவான். முன்பு பலமுறை மீட்டுமிருப்பான். கைதேர்ந்தவனையே இச்சோதனை கூடுதலாகப் பற்றுகின்றது என்பது கவனத்துக்குரியது. தன்னால் இயலாதெனத் தெரிந்த பழகுநன் விரைவிற் கைவிடுவான். ஆகவே திறன் வளர வளர அதனைக் கட்டும் குணமும் வளராவிடில், திறனே ஆபத்தின் காரணமாகின்றது.

வியாச பாரதத்தின் சௌப்திக பருவத்திலே இதற்கு இணையான நிகழ்ச்சி உண்டு. அசுவத்தாமன் பிரம்மசிரம் என்னும் அத்திரத்தை ஏவுகின்றான். அருச்சுனனும் எதிர்த்து ஏவுகின்றான். முனிவர் இடைப்பட்டு இரண்டையும் மீட்குமாறு வேண்டுகின்றனர். அருச்சுனன் மீட்டுக்கொள்கின்றான். அசுவத்தாமனால் மீட்க இயலவில்லை. அவனது அத்திரம் பிறவாத சிசுக்கள்மீது செல்கின்றது. ஏவும் வித்தையை இருவரும் ஒரே ஆசானிடம் பெற்றவர்கள். மீட்கும் ஆற்றல் விரதமும் அடக்கமும் உடையவனுக்கே வாய்க்கும் என்பது அங்கு கூறப்படும் காரணம். இதனைச் சமய நம்பிக்கை என ஒதுக்காது திறனைப் பற்றிய கூற்றாக வாசித்தால், வியாசர் அரிஸ்டோட்டிலிலிருந்து வேறுபடும் இடம் புலனாகும். மீட்டல் என்பது ஏவுதலோடு சேர்த்துக் கற்பிக்கத்தக்க இன்னொரு நுட்பம் அன்று. குணம் இல்லாதவனிடம் அந்நுட்பமே தோன்றாது.

இதற்கு எதிராக, விதிகளும் தேர்வுகளும் போதுமே, குணத்தை ஏன் இழுக்கவேண்டும் என வாதிப்பாருமுளர். விதிகள் நிச்சயமாகத் தேவை. பார்வையாளர் நிற்கும் தூரம், தீயணைக் கருவி, உண்மை விமானத்துக்கு எப்பொழுதும் வழிவிடுதல் முதலியவற்றைக் கழகங்கள் வகுத்துள்ளன. சுழலி விமானம் பறக்கவிட விரும்புவோர், தகுதிபெற்றோர் முன்னிலையிற் பறந்துகாட்டி உரிமம் பெறும் முறையும் உண்டு. ஆனால் தேர்வு எதனைக் காண்கின்றது? நல்ல காலநிலையில், பிறர் பார்த்திருக்க, திட்டமிட்ட பறப்பு ஒன்றை அது காண்கின்றது. விரல் எவ்வளவு செம்மையாக அசைகின்றது என்பதை அளக்கலாம். நூறு கிலோமீற்றர் பயணஞ்செய்து வந்தபின் குறுக்குக்காற்று வீசக்கண்டு, விமானத்தை மீண்டும் வண்டியில் ஏற்றி வீடு திரும்பக்கூடியவனா என்பதை எந்தத் தேர்வு அளக்கும்? திறனின் இப்பகுதி செயலாக வெளிப்படுவதே இல்லை. பறவாத பறப்புக்குச் சாட்சி கையொப்பமிடுவார் எவருமிலர்.

கணினித் திரையிற் பறக்கவிட்டுப் பழகும் நிரல்களும் இவ்விடத்தில் உதவா. கோலின் அசைவை, எதிர்நோக்கி வரும் விமானத்தின் இடவலக் குழப்பத்தை, இறங்கும் வழியின் கோணத்தை அவை செவ்வையாகக் கற்பிக்கின்றன. அதற்காக அவற்றைப் போற்றலாம். ஆயின் விழுந்த விமானம் ஒரு விசையைத் தட்டியதும் புதிதாக ஓடுபாதையில் நிற்கின்றது. அங்கே மக்கள் இல்லை. கைவிடவேண்டிய பொருளும் இல்லை. மீட்கமுடியாததை மீட்க முயலும் துணிவையே அது வெகுமதியாக வளர்க்கவும்கூடும்.

பிரித்தானியாவின் 2009, 2016 ஆம் ஆண்டுகளின் வான்செலவு ஆணைகளில் இடம்பெற்ற விதியொன்று மெய்யியல் மாணவரின் கவனத்துக்குரியது. பறப்பைப் பாதுகாப்பாக நிகழ்த்தலாம் என நியாயமான அளவு திருப்தியுற்றாலன்றிச் சிறு ஆளில்லா விமானத்தைச் செலுத்துவோன் அதனைப் பறக்கவிடலாகாது என்பது அதன் கருத்து. அவ்வாணைகள் தூரங்களையும் நிறைகளையும் எண்களால் வரையறுப்பவை. அவற்றின் நடுவே செலுத்துவோனின் மனத்தில் ஒரு திருப்தி நிகழ்ந்ததா என்று சட்டம் கேட்கின்றது. திருப்தியோ எளிதில் வருவிக்கத்தக்கது. பறக்க விரும்புபவனுக்கு வானம் தெளிவாகத் தோன்றும். “நியாயமான” என்ற சொல்லே அவ்விருப்பத்துக்குத் தடையாக நிற்கின்றது; அச்சொல்லுக்குப் பொருள் கொடுப்பதற்கோ, தன்னைத் தானே ஏமாற்றாத ஒருவனைச் சட்டம் முன்கூட்டியே எடுத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

கைத்திறனையே இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டால் இச்சிக்கல் தீராதா என்பது அண்மைக் காலத்தில் எழும் வினா. சாய்வை உணர்ந்து தானே திருத்தும் இலத்திரனியற் கருவிகள் மாதிரி விமானங்களிலும் இன்று பொருத்தப்படுகின்றன. இறங்கும் திருப்பத்திற் சிறகு சரிவதைக்கூட அவற்றுட் சில குறைக்கும். கையின் பங்கு குறைகின்றது என்பது உண்மை. அதனால் எஞ்சுவது யாதென்பது மேலும் தெளிவாகத் தெரிகின்றது. அலைத்தொடர்பு அறுந்தால் விமானம் யாது செய்யவேண்டும் என்பதைச் செலுத்துவோன் தரையிலேயே வாங்கியில் பதித்துவைக்கின்றான். எரிபொருளை நிறுத்தி இயந்திரத்தை அணைக்குமாறு பதித்தல் முறை. அவ்வாறு பதித்தால் விமானம் பெரும்பாலும் அழியும். குறைந்த விசையில் மட்டமாகப் பறந்துகொண்டேயிருக்குமாறு பதித்தால், தொடர்பு மீண்டும் கிடைத்து விமானம் தப்பக்கூடும். கிடைக்காவிடின் எரிபொருள் தீரும்வரை எவர் கையிலும் இல்லாமல் எங்கோ செல்லும். இத்தெரிவுக்கு விரைந்த விரலும் கூரிய கண்ணும் வேண்டா. அது மேசைமீது, அவசரமின்றி, எவரும் பாராதபோது செய்யப்படுகின்றது. சோதனை செய்பவர் அலைபரப்பிப் பெட்டியை அணைக்கச் சொல்லி, இயந்திரம் அடங்குவதைக் கண்டு தலையசைத்துச் செல்லலாம். அவர் சென்றபின் அதனை மாற்றிவைக்கச் சில செக்கன்களே போதும்.